விடுதி அறையில் நாய்க்கு இடமுண்டா?



தருமபுத்திரர் தம் தம்பியர் நால்வரையும் திரௌபதியையும் வழியில் ஒருவர்பின் ஒருவராக இழந்து, இறுதியில் தனித்து மலையேறியபோது அவரைப் பிரியாது உடன் சென்றது ஒரு நாய். தேரோடு எதிர்வந்த இந்திரன் அவரை ஏறச் சொன்னான். நாய்க்கு மட்டும் சுவர்க்கத்தில் இடமில்லை என்று மறுத்தான். அடைக்கலமாக வந்த ஒன்றைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் எமக்கு வேண்டாம் என்று தருமர் நின்றுவிட்டார். மகாபாரதத்தின் மகாப்பிரஸ்தானிக பருவம் கூறும் கதை இது. அந்த நாய் தருமதேவதையாக வடிவெடுத்தமையால் வழக்கு அவ்விடத்திலேயே தீர்ந்தது. கொழும்பிலே ஒரு லொட்ஜின் முகப்பில், பதிவுப் புத்தகத்துக்கு முன்னால், அதே வழக்கு எழுமாயின் அவ்வளவு இலகுவில் தீராது. நாய் நாயாகவே நிற்கும். முகாமையாளருக்கும் விருந்தினருக்கும் இடையில் வாக்குவாதம் வளரும்.

ஹோட்டல்களில் தங்க வருவோர் தம் நாயையும் அறைக்குள் கொண்டுவர இடங்கொடுக்கலாமா என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். அதற்குமுன் ஒரு சொல் விளக்கம் வேண்டியிருக்கிறது. 'ஹோட்டல்' என்றால் நம்மவர் பெரும்பாலும் சாப்பாட்டுக் கடையையே கருதுவர். 'சைவ ஹோட்டல்' என்று பலகை தொங்கும் இடத்திலே இட்டலி கிடைக்கும், கட்டில் கிடையாது. கட்டில் கிடைக்கும் இடத்துக்கு நாம் வழங்கும் பெயர் 'லொட்ஜ்'. 1864-ஆம் ஆண்டில் தோன்றிய காலிமுகத்திடல் ஹோட்டலும், துறைமுகத்தை அடுத்து 1875-இல் திறக்கப்பட்ட கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டலும் வேறொரு வகுப்பைச் சேர்ந்தவை. அங்கே விசாலமான தாழ்வாரங்களும் புற்றரையும் பணியாளர் கூட்டமும் உண்டு. நான் முக்கியமாகப் பேச விரும்புவது வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள நம்மவர் விடுதிகளைப் பற்றி. கேள்வி உண்மையாகவே கடினமாவது அங்கேதான்.

இவ்விடுதிகளை அறிந்தவர்க்கு அவற்றின் அமைப்பை விரித்துரைக்க வேண்டியதில்லை. காலி வீதியிலிருந்து கடற்கரை நோக்கி இறங்கும் ஒடுங்கிய ஒழுங்கைகளிலும், ஜம்பட்டா வீதியைச் சூழ்ந்த சந்துகளிலும், பழைய வீடொன்றின் மண்டபத்தைப் பலகையால் மறித்து நாலு அறைகளாக்கியிருப்பார்கள். அல்லது சிறு காணியொன்றிலே நாலைந்து மாடிகளை ஒன்றின்மேலொன்றாக எழுப்பியிருப்பார்கள். ஓர் அறையிலே ஒருவர் இருமினால் அடுத்த அறையிலே உறங்குபவர் விழித்துக்கொள்வார். கடவுச்சீட்டு எடுக்க வந்தவர், தூதரகத்தில் நேர்முகத்துக்கு நாள் குறிக்கப்பட்டவர், பெரியாஸ்பத்திரியில் தாயாருக்குச் சத்திரசிகிச்சை நடைபெறுவதால் பத்து நாளுக்கு அறை எடுத்தவர், கூறைச் சேலை எடுக்கச் செட்டியார் தெருவுக்கும் வெள்ளவத்தைக்கும் அலைபவர் என்று பலரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குவர். இக்காலத்தில் இவர்களோடு, கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வருவோரும், நாய் வளர்க்கும் புதிய தலைமுறையினரும் சேர்ந்துள்ளனர். அவர்களிற் சிலர் தொலைபேசியிலே முதற் கேள்வியாகக் கேட்பது, நாயைக் கொண்டுவரலாமா என்பதே.

இது செல்வர் வீட்டுச் செல்லம் என்று இகழ்ந்து தள்ளிவிடுவது நியாயமன்று. 1995-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, எத்தனையோ வீடுகளில் நாயின் கட்டை அவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார்கள். அந்தத் தலைமுறையில் நாயைக் கூட்டிச்செல்ல முடியாமற் போனவர், இன்று தம் பிள்ளைகள் வளர்க்கும் நாயை ஒரு நாளுக்கேனும் அயலவரிடம் விடத் தயங்கினால், அத்தயக்கத்தைப் பகிடி பண்ணும் உரிமை எவருக்கும் இல்லை.

இனிச் சட்டம் என்ன சொல்கிறதென்று பார்ப்போம். விடுதிக்காரன் தன் வாயிலுக்கு வரும் எல்லோரையும் ஏற்கக் கடமைப்பட்டவனா? ஆங்கிலேயரின் பழைய வழக்குச் சட்டம், இடமும் வசதியும் இருக்கையில், பணம் கொடுக்க ஆயத்தமாக வரும் வழிப்போக்கனைத் தகுந்த காரணமின்றித் திருப்பியனுப்பலாகாது என்று விதித்தது. இவ்விதியை உரைத்துப் பார்த்த வழக்குகள் இரண்டை இங்கே எடுத்துக் கூறலாம்.

ஒன்று, 1877-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட ரைமர் வழக்கு. ஒருவர் தம்முடைய பெரிய நாய்களுடன் ஒரு விடுதியின் சிற்றுண்டிச்சாலைக்கு வந்து போவதை வழக்கமாக்கிக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கு அது தொந்தரவாயிற்று. விடுதிக்காரர் மறுத்தார், வந்தவர் வழக்குத் தொடுத்தார். வந்தவர் வழிப்போக்கரல்லர், சிற்றுண்டிச்சாலை தங்குமிடமன்று, மேலும் நாய்களின் காரணமாக மறுப்பதற்கு நியாயமும் உண்டு என்று கண்டு, விடுதிக்காரர் குற்றவாளியல்லர் என நீதிமன்றம் தீர்த்தது.

மற்றது கிரிக்கெட் அன்பர்கள் அறியவேண்டிய வழக்கு. மேற்கிந்தியத் தீவுகளின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் லியரி கொன்ஸ்டன்ரைன் 1943-இல் இலண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் ஆட வந்தபோது, ரசல் சதுக்கத்திலுள்ள இம்பீரியல் ஹோட்டல் அவரையும் குடும்பத்தாரையும் தங்கவிட மறுத்தது. காரணம் தோலின் நிறம். அவர் வழக்காடினார். 1944-இல் தீர்ப்பு அவர் பக்கமாயிற்று. ஐந்து கினி நட்டஈடும் கிடைத்தது. தொகை சிறிது. ஆனால் மனிதனை வெறும் வெறுப்பின் பேரில் வாசலில் நிறுத்தலாகாது என்பது நிலைநின்றது.

இவ்விரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எல்லை தெளிவாகத் தெரிகின்றது. மனிதனை ஏற்பது விடுதியின் கடமை. நாயை ஏற்பது விடுதியின் விருப்பம். நமது நாட்டு 1978-ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் இதே எல்லையைத்தான் வரைகின்றது. அதன் 12-ஆம் உறுப்புரையின் மூன்றாம் பந்தி, இனம், மதம், மொழி, சாதி, பால் என்னும் காரணங்களால் எவருக்கும் கடைகளிலும் பொது உணவுச்சாலைகளிலும் ஹோட்டல்களிலும் நுழையத் தடை விதிக்கலாகாது என்கின்றது. ஹோட்டல் என்ற சொல் நம் அரசியலமைப்பிலேயே இடம்பெற்றிருப்பது பலருக்குப் புதுமையாக இருக்கலாம். அந்தப் பட்டியலில் விருந்தினரின் நாய் இல்லை.

இதைச் சொல்லும்போது வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகள் கண்ட ஒரு விடியற்காலையை நினையாதிருக்க முடியவில்லை. 2007-ஆம் ஆண்டு யூன் 7-ஆம் நாள், தக்க காரணமின்றிக் கொழும்பில் தங்கியுள்ளனர் என்று கூறி, பல விடுதிகளிலிருந்து 376 தமிழர் எழுப்பப்பட்டு, பஸ்களில் ஏற்றப்பட்டு, வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் மனுச்செய்ய, மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது; அப்போதைய பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க பின்னர் வருத்தம் தெரிவித்தார். தங்குவதற்கு அறை என்பது எவ்வளவு பெரிய காரியமென்பதை அந்த விடுதிகளின் சுவர்கள் அறியும். ஆகவே, நாயை மறுக்கும் முகாமையாளர் நாயை மறுக்கிறோம் என்பதைச் சொல்லியே மறுக்கவேண்டும். நாயைச் சாட்டாக வைத்து, உள்ளே வேண்டாத மனிதரைத் திருப்பியனுப்பும் வழக்கம் எந்த விடுதியிலும் தலைகாட்டலாகாது.

இனி நோய் நொடிகளைப் பற்றிய பயத்தை எடுத்துக்கொள்வோம். நாய் என்றவுடன் நம் நாட்டில் எழும் முதற் பயம் விசர்நாய்க்கடி. பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 1893-இலேயே இதற்கெனக் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. 1901-இல் நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச்சட்டமும் வந்தது. 1970-களின் தொடக்கத்தில் ஆண்டொன்றுக்கு முந்நூறுக்கு மேற்பட்டோர் இந்நோயால் இறந்தனர். நாய்களுக்குப் பெருந்தொகையில் இலவசத் தடுப்பூசி போட்டதாலும், கடியுண்டவர்க்கு ஆஸ்பத்திரிகளில் உடன் சிகிச்சை கிடைத்ததாலும், அண்மை ஆண்டுகளில் அத்தொகை இருபது முப்பது என்ற அளவுக்கு இறங்கியுள்ளது. நோய்க்குறி தோன்றியபின் காப்பாற்றுவது அரிது என்பதால், கடித்த இடத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே வைத்தியரிடம் போகவேண்டும் என்பதை இவ்விடத்தில் நினைவூட்டி வைக்கிறேன்.

ஆனால் சற்று நின்று சிந்திக்கவேண்டும். தன் நாயைக் காரிலே ஏற்றி விடுதிவரை கொண்டுவருபவர், பெரும்பாலும் அதற்கு ஆண்டுதோறும் ஊசி போடுவிப்பவர். அதற்கு அட்டையும் வைத்திருப்பார். வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் நாயாயின் பேராதனையிலுள்ள கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதியின்றி நாட்டுக்குள் வரவே இயலாது. விடுதி அறையில் உறங்கும் அத்தகைய நாயைவிட, விடுதி வாசலிலே குப்பைப் பையைக் கிளறும் உடையவனற்ற நாயே ஆபத்து மிக்கது. எனவே விசர்நாய்க்கடியைக் காட்டி விருந்தினரின் நாயை மறுப்பது வலுவற்ற வாதம் என்றே எனக்குப் படுகின்றது. அட்டையைக் காட்டச் சொன்னாற் போதும்.

வலுவுள்ள வாதம் வேறு. அது கண்ணுக்குப் புலப்படாத சிறு பிராணிகளைப் பற்றியது. தெள்ளுப்பூச்சியை எல்லோரும் அறிவர். அதன் வாழ்க்கை முறையைப் பலர் அறியார். நாயின் உடலில் இருக்கும் தெள்ளு இடும் முட்டைகள் அங்கே ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. உதிர்ந்து, நாய் படுக்கும் இடமெல்லாம் சிதறுகின்றன. கட்டிலின் கீழும், கம்பளத்தின் இழைகளிலும், தரையின் வெடிப்புகளிலும் அவை புழுவாகிக் கூட்டுப்புழுவாகின்றன. அந்தக் கூட்டுக்குள்ளே தெள்ளு வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கிற் கூடப் பொறுமையாகக் காத்திருக்கும். ஓர் உயிரின் உடற்சூடும், காலடியின் அதிர்வும், மூச்சுக் காற்றும் உணரப்பட்டவுடன் வெளிப்பட்டுப் பாயும். அதாவது, நாயைக் கொண்டுவந்தவர் அறையை விட்டுப் போய், அறை பூட்டிக் கிடந்து, பின்பு வேறொருவர் வந்து கட்டிலில் அமரும்போதுதான் கடி விழுகின்றது. வைத்தியசாலைக்கு வந்த நோயாளியின் உறவினர் ஒருவர் தமக்கு ஏன் உடல் அரிக்கின்றதென்று தெரியாமல் இரவெல்லாம் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருப்பார். நாய் வந்துபோன கதை அவருக்கு எப்படித் தெரியும்?

உண்ணியும் அத்தகையதே. நாயில் வாழும் கபில நிற உண்ணி, மற்ற உண்ணிகளைப் போலப் புல்லையும் பற்றையையும் நாடவேண்டியதில்லை; சுவரின் வெடிப்பும் கதவு நிலையின் இடுக்கும் அதற்குப் போதும். இரத்தம் குடித்து இறங்கிய ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடவல்லது. பலகை மறிப்புள்ள பழைய லொட்ஜுக்குள் அது ஒருமுறை குடியேறிவிட்டால் வெளியேற்றுவது பெரும்பாடு.

அடுத்தது ஒவ்வாமை. நாயின் உமிழ்நீரிலும் உதிரும் தோற்செதிளிலும் உள்ள சில புரதங்கள் சிலருக்குத் தும்மலையும் கண் அரிப்பையும், தொய்வு நோயுள்ளவர்க்கு மூச்சுத் திணறலையும் உண்டாக்கும். மயிரைக் கூட்டி அள்ளினாலும் அப்புரதங்கள் மெத்தையிலும் திரைச்சீலையிலும் வளிச்சீராக்கியின் வடிகட்டியிலும் நெடுநாள் தங்கிவிடும். ஆகவே இங்கே கேள்வி நாயின் சொந்தக்காரரைப் பற்றியதே அன்று; அவருக்குப் பின் அதே மெத்தையில் தலைசாய்க்கப் போகின்றவரைப் பற்றியது. ஹோட்டல் அறையின் தனித்தன்மை இதுதான். வீட்டறை ஒரு குடும்பத்துக்குரியது. விடுதி அறையோ ஒருவரையொருவர் ஒருநாளும் காணாத நூறு பேருக்கு ஆண்டு முழுவதும் பொதுவானது.

சமய உணர்ச்சியையும் மறந்துவிடலாகாது. சைவரிடத்தில் நாயைப் பற்றி இரண்டு மனங்கள் உண்டு. யாழ்ப்பாணத்திலே ஒழுங்கைக்கு ஒரு வைரவர் கோயில் இருக்கிறதென்று சொல்லலாம். ஒரு மரத்தடியும் ஒரு சூலமும் போதும், வைரவர் எழுந்தருளிவிடுவார். அவருடைய வாகனம் நாய். அவருக்கு வடைமாலை சாத்தி வணங்கிவிட்டு வரும் அதே அம்மையார், நாய் அடுப்படியை எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெளித்துக் கழுவுவார். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைப்பதைப் பழமொழி கூறியே பரிகசிப்பவர்கள் நாம். இதை முரண்பாடு என்று சொல்லி நகைப்பது எளிது. முற்றம் நாய்க்கு, அடுப்படி மனிதருக்கு என்று இடம் வகுத்துப் பழகிய ஒரு வாழ்க்கையின் ஒழுங்கு அது.

இந்நாட்டு முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபி மரபிலே, நாயின் ஈரம் பட்ட பொருளை ஏழுமுறை கழுவவேண்டும். அதில் ஒருமுறை மண் கலந்த நீராற் கழுவவேண்டும் என்பது விதி. கொழும்பு விடுதிகளில் முஸ்லிம்கள் விருந்தினராகவும் வருகின்றனர், பணியாளராகவும் இருக்கின்றனர். தொழுகை விரிப்பை எந்தத் தரையில் விரிக்கிறோம் என்பது அவர்களுக்கு அற்ப விடயமன்று. நாய் படுத்த தரை என்று தெரியாமல் ஒருவர் அங்கே தொழுதாரென்றால், அந்தத் தவறு அவருடையதன்று. சொல்லாமல் அறையைக் கொடுத்தவருடையது.

அறையைத் துப்புரவு செய்பவரையும் இந்த ஆராய்ச்சியில் நான் சேர்க்க விரும்புகிறேன். ஏனெனில் வேறெவரும் சேர்ப்பதில்லை. விருந்தினர் விரும்புகிறார், முதலாளி சம்மதிக்கிறார், கட்டணம் கூடுகின்றது, எல்லாம் சரி. விடியற்காலையில் வாளியும் துடைப்பமுமாகக் கதவைத் தட்டும் பெண்ணின் நிலை என்ன? தனித்து விடப்பட்ட நாய் அறையைத் தன் எல்லையாக எண்ணி உறுமும். மெத்தையில் ஈரமிருந்தால் அந்தக் கனத்த மெத்தையை மொட்டைமாடிக்குச் சுமப்பவர் அவர். நாய்க்கென அறவிடும் மேலதிகக் கட்டணத்தில் அவர் கைக்கு ஒரு சதமும் போகாவிட்டால் அது நேர்மையான கட்டணமாகாது.

இவ்வளவு சொன்னபின் நான் நாயை முற்றாக விலக்கச் சொல்கிறேன் என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். விலக்கே செய்யலாகாத ஒரு நாயும் உண்டு. அது கண்பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய். முதலாம் உலகப் போரிலே கண்ணிழந்த வீரர்களுக்காக 1916-இல் ஜேர்மனியின் ஓல்டன்பேர்க் நகரில் இவ்வகை நாய்களைப் பழக்கும் பள்ளி தொடங்கியது. பார்வையற்ற அமெரிக்க இளைஞரான மொரிஸ் பிராங்க் 1928-இல் சுவிற்சர்லாந்து சென்று, 'படி' என்னும் நாயுடன் பயிற்சி பெற்றுத் திரும்பினார். அடுத்த ஆண்டே தம் நாட்டில் அத்தகைய பள்ளி ஒன்று நிறுவப்படத் துணைநின்றார். நாளடைவில் சட்டங்களும் வந்தன. அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், ஹோட்டல் ஊழியர் இரண்டு கேள்விகளே கேட்கலாம்: உடற்குறை காரணமாக இந்த நாய் தேவைப்படுகின்றதா? எந்த வேலைக்கு இது பழக்கப்பட்டுள்ளது? அதற்குமேற் கேட்கவும் கூடாது. மேலதிகக் கட்டணம் வாங்கவும் கூடாது. பிரித்தானியாவின் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமும் இத்தகைய பாதுகாப்பை அளிக்கின்றது.

நம் நாட்டின் 1996-ஆம் ஆண்டு 28-ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் செல்லும் கட்டடத்துள் நுழைய வலுவிழந்தோருக்குத் தடை விதிக்கலாகாது என்று கூறுகின்றது. பார்வையற்ற ஒருவருக்கு அவரது நாயே கண் என்றால், நாயை வாசலில் நிறுத்துவது அவரையே நிறுத்துவதாகும். தொரொன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ அத்தகைய ஒருவர் தம் உறவினரைக் காண வெள்ளவத்தைக்கு வருவது நடவாத காரியமன்று. சேணம் பூட்டியிருக்கும்வரை அந்த நாய் கடமையில் இருக்கின்றது. அதைத் தடவிக்கொடுக்கவோ அதற்கு விசுக்கோத்து நீட்டவோ வேண்டாம் என்று பணியாளருக்குச் சொல்லி வைத்தாற் போதும்.

மற்ற நாய்களைப் பொறுத்தவரை நம் முன்னோரின் வழியை எண்ணிப் பார்ப்பது பயன் தரும். வழிப்போக்கரை வரவேற்பதில் நாம் எவருக்கும் பின்னின்றவர்களல்லர். யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களிலே மடமும், அதன் அருகே கேணியும், சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கியும், மாடு உடல் தேய்த்து இளைப்பாற ஆவுரஞ்சிக்கல்லும், அது குடிக்கத் தண்ணீர்த் தொட்டியும் அமைத்தார்கள். பருத்தித்துறையிலே தெருவை மூடி நிற்கும் தெருமூடி மடத்தை இன்றும் காணலாம். மனிதனுக்குத் திண்ணை கொடுத்தவர்கள், அவனோடு வந்த விலங்கையும் தாகத்தோடு திருப்பி அனுப்பவில்லை. அதற்கு வேறிடம் கொடுத்தார்கள். மேலைநாட்டு விடுதியும் ஆதியில் அப்படித்தான். உரோமச் சட்டம் விடுதிக்காரனோடு தொழுவக்காரனையும் ஒருங்கே சேர்த்து, ஒப்படைக்கப்பட்ட பொருளுக்குப் பொறுப்பாக்கியது. குதிரை தொழுவத்திலும் மனிதன் மாடியிலும் தங்கினான்.

நம்முடைய இக்கட்டு யாதெனில், இன்றைய வெள்ளவத்தையில் முற்றம் இல்லை. காணியின் விலை முற்றத்தை விழுங்கிவிட்டது. முற்றம் இல்லாத இடத்தில் நாய் ஒன்றில் கட்டிலுக்கு அருகே இருக்கவேண்டும், அல்லது தெருவில் நிற்கவேண்டும். இடைநிலை இல்லை. காரிலே பூட்டி வைக்கலாமே என்பர் சிலர். நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கியே சூட்டைத் தணிக்கின்றது. கொழும்பு வெயிலில் அடைத்துவைத்த கார் சிறிது நேரத்திலேயே சூளையாகும். நாய் மாண்டுபோகவும் கூடும். வாசலில் வைத்து நாயை மறுக்கும் முகாமையாளர், அந்த நாய் அடுத்து எங்கே போகுமென்பதை எண்ணிப் பாராமல் மறுப்பதுண்டு.

இந்தியாவிலிருந்து ஓர் உதாரணத்தை அடிக்கடி எடுத்துக்காட்டுவர். 2024-இல் மறைந்த இரத்தன் டாட்டா, மும்பாயின் தாஜ்மகால் ஹோட்டல் வாசலில் தெருநாய்கள் இளைப்பாறுவதைத் தடுக்கவேண்டாமென்று பணித்திருந்தார். அவருடைய நிறுவனத்தின் தலைமையகமான பம்பாய் ஹவுஸ் 2018-இல் புதுப்பிக்கப்பட்டபோது தெருநாய்களுக்கென ஓர் அறையே ஒதுக்கப்பட்டது. போற்றத்தக்க செயல்தான். ஆனால் கவனிக்கவேண்டும்: அவர் வாசலைத் திறந்துவிட்டார், தனி அறை ஒதுக்கினார். விருந்தினர் படுக்கும் மெத்தையை நாயோடு பங்கிடச் சொல்லவில்லை. இந்திய ரயில்வேயும் ஏறக்குறைய அப்படியே. முதல் வகுப்பிலே தனியறை முழுவதையும் எடுத்துக்கொண்டால் நாயை உடன் வைத்திருக்கலாம். அல்லாவிடின் காவலர் பெட்டியிலுள்ள நாய்க்கூண்டில் ஏற்றவேண்டும்.

இவற்றையெல்லாம் வைத்து என் முடிபைச் சொல்கிறேன். பலகை மறிப்புள்ள, படிக்கட்டு ஒன்றேயுள்ள, நோயாளரும் முதியோரும் நிறைந்து தங்கும் சிறு லொட்ஜுகள் வழிகாட்டி நாயைத் தவிர வேறு நாயை ஏற்காதிருப்பதே நன்று. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை வாசலில் வைத்துச் சொல்லலாகாது; அறை பதிவு செய்யும் தொலைபேசியிலேயே சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து எட்டு மணி நேரம் காரோட்டி வந்த குடும்பத்தை, இரவு பத்து மணிக்கு, உறங்கிய பிள்ளையும் களைத்த நாயுமாகக் காலி வீதியில் நிற்கவைப்பது விருந்தோம்பல் அன்று.

இடவசதியுள்ள பெரிய விடுதிகள் ஏற்கலாம். ஏற்பதாயின் முறையாக ஏற்கவேண்டும். கீழ்மாடியிலே, வெளிப்புறம் கதவுள்ள இரண்டு மூன்று அறைகளை அதற்கென்றே ஒதுக்கிவிடலாம். அங்கே கம்பளமும் கனத்த திரைச்சீலையும் வேண்டாம். சீமெந்துத் தரையோ ஓட்டுத் தரையோ இருக்கட்டும். தெள்ளுக்கும் உண்ணிக்கும் மருந்து போட்ட விபரமும் தடுப்பூசி அட்டையும் பார்த்த பின்பே சாவி கொடுக்கவேண்டும். நாயை அறையில் தனியே பூட்டிவிட்டுச் சொந்தக்காரர் சினிமாவுக்குப் போகலாகாது. தீபாவளி இரவிலும் புத்தாண்டு இரவிலும் இது மிக மிக முக்கியம், வெடிச்சத்தத்தில் மிரண்ட நாய் கதவைக் கடித்துக் கிழிக்கும். உணவு சமைக்கும் இடத்திலும் பரிமாறும் இடத்திலும் நாய்க்கு வேலையில்லை; 1980-ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேள்வி கேட்கும் இடங்கள் அவை. படுக்கை விரிப்புகளை வெந்நீரில் தனியே தோய்க்கவேண்டும். அந்த அறையைத் துப்புரவு செய்ய விரும்பாத பணியாளரை வற்புறுத்தலாகாது. விரும்பிச் செய்பவருக்குக் கட்டணத்தில் ஒரு பங்கு சேரவேண்டும்.

பதிவுப் புத்தகத்திலே விருந்தினரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதுவதுபோல, நாயின் விபரமும் ஊசி போட்ட திகதியும் எழுதப்படட்டும். அதே அறைக்கு அடுத்து வருபவர், முன்பு இங்கே நாய் தங்கியதா என்று கேட்டால் புத்தகத்தைப் பார்த்து உள்ளதைச் சொல்லவேண்டும். அவர் வேறு அறை கேட்பாராயின், மறுபேச்சின்றிச் சாவியை மாற்றிக் கொடுக்கவேண்டும்.